ஊரைக் கூட்டிய கருவி தோள்பைக்குள் வந்த கதை

கலிஃபோர்னியாவில் நாபா என்றொரு சிற்றூர். டென்மார்க்கிலிருந்து வந்த பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிட்தாம் என்ற அமெரிக்கரும் அங்கே ஒரு வீட்டையே பட்டறையாக்கிக்கொண்டு, தொலைபேசியின் காதுக்குழலை மேம்படுத்தப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். வலுவான காந்தத்தின் இடுக்கில் ஒரு மெல்லிய கம்பிச்சுருள். சுருளில் மின்சாரம் ஏறி இறங்கும்போது அது முன்னும் பின்னும் துடிக்கும். அதோடு ஒட்டிய தகடும் சேர்ந்து துடித்துக் காற்றைத் தள்ளும். கருவி நன்றாகவே பேசியது. ஆனால் தொலைபேசிக் கம்பெனி அதை வேண்டாம் என்றுவிட்டது. அதன்பிறகுதான் இருவரும் கிராமஃபோன் புனல் ஒன்றை எடுத்து அதில் பொருத்திப் பார்த்தார்கள். மைக்கைப் பக்கத்தில் கொண்டுபோனதும் காதைப் பிளக்கும் ஊளை. மைக் செட் கட்டிய திருவிழாப் பந்தலில் நின்ற எவருக்கும் தெரிந்த அதே ஊளைதான். புனலைக் கூரைமேல் ஏற்றிப் பேசிப் பார்த்தபோது வெகுதூரத்தில் இருந்தவருக்கும் சொற்கள் தெளிவாகக் கேட்டன.

1915 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மாலை, சான் ஃபிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் கூடிய பெருங்கூட்டத்துக்கு அந்தக் கருவி பாட்டும் பேச்சும் கொண்டுபோய்ச் சேர்த்தது. மேக்னவாக்ஸ் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 1919 செப்டம்பரில் சான் டியேகோ விளையாட்டரங்கில் அதிபர் உட்ரோ வில்சன் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பேசினார். ஏறத்தாழ 50,000 பேர் கேட்டார்கள். ஒலிபெருக்கி ஊரையே கூட்டி வைத்துப் பேசுவதற்காகப் பிறந்த கருவி. அடுத்த நூறு ஆண்டுகளில் அதன் உருவம் சுருங்கியது, எடை குறைந்தது, விலையும் இறங்கியது. தூரத்துக்கு எட்டும் அந்தப் பிறவிக் குணம் மட்டும் குறையவே இல்லை. பயணத்தில் ஸ்பீக்கர் கொண்டுபோகிறவர்கள் இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்; எதை வாங்குவது, எங்கே பாட வைப்பது என்ற கேள்விகள் பாதி தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

பாட்டைக் கையோடு தூக்கிப்போக வேண்டும் என்ற ஆசை ஒலிபெருக்கியைவிடச் சற்று மூத்தது. 1914இல் லண்டனில் டெக்கா என்ற பெயரில் ஒரு கிராமஃபோன் விற்பனைக்கு வந்தது. மூடினால் கைப்பெட்டி, திறந்தால் மூடியே ஒலியைத் திருப்பி அனுப்பும் கிண்ணம். முதல் உலகப் போரில் அது பதுங்குகுழி வரைக்கும் போனது. அதில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் திருகு கிடையாது. ஊசியைத்தான் மாற்ற வேண்டும். தடித்த ஊசி போட்டால் சத்தம் அதிகம், மெல்லிய ஊசி போட்டால் குறைவு. பாட்டு தொடங்கும் முன்பே பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று யோசித்து ஊசியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

பிறகு வால்வு ரேடியோ. ஜெனித் கம்பெனியின் தலைவர் யூஜின் மெக்டொனால்டு உல்லாசப் படகில் சுற்றுவதில் பிரியம் கொண்டவர். எங்கிருந்தாலும் உலக நிலையங்கள் கேட்க வேண்டும் என்ற அவருடைய பிடிவாதத்தில் பிறந்தது, 1942இல் வந்த டிரான்ஸ் ஓஷியானிக். அதன் ஆன்டெனாவைத் தனியே கழற்றி, ரப்பர் உறிஞ்சிகளால் ரயில் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைக்கலாம். ரயிலின் இரும்புக் கூட்டுக்குள் அலைகள் நுழையாது என்பதால் இந்த ஏற்பாடு. பயணிக்காகவே சிந்தித்துச் செய்த பெட்டி அது. ஆனால் பணக்காரர் கையில் மட்டுமே இருந்தது.

அதை எல்லோர் கைக்கும் கொண்டுவந்தது டிரான்சிஸ்டர். 1947 டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த அந்தத் துணுக்கு, 1954இல் ரீஜென்சி என்ற ரேடியோவுக்குள் ஏறியது. மொத்தமே நான்கு டிரான்சிஸ்டர், விலை 49.95 டாலர். 1957இல் சோனி அதையும்விடச் சிறியதாக ஒன்றைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் டீக்கடைப் பலகையிலும் வயல் வரப்பிலும் இலங்கை வானொலியின் தமிழ்ப் பாட்டைக் கொண்டுவந்து சேர்த்தது இந்தப் பெட்டிகளின் வழிவந்த டிரான்சிஸ்டர்தான். ஒருவர் வைத்திருந்தால் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அங்கே சத்தம் தொந்தரவாக இல்லாமல் விருந்தாக இருந்ததற்குக் காரணம் உண்டு. கேட்கிறவர்கள் அத்தனை பேரும் கேட்கவென்றே வந்து உட்கார்ந்தவர்கள்.

அதற்கடுத்த மாற்றத்தில் ஒரு மரக்கட்டைக்கும் பங்குண்டு. பிலிப்ஸ் கம்பெனியின் லூ ஓட்டன்ஸ், பெல்ஜியத்தின் ஹாசெல்ட் ஆலையில், கோட்டுப் பையில் அடங்கும்படி ஒரு கட்டையை வெட்டி வைத்துக்கொண்டார். டேப் ரெக்கார்டர் இந்த அளவைத் தாண்டக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. 1963இல் பெர்லின் கண்காட்சியில் கேசட் வந்தது. ரேடியோவையும் கேசட்டையும் ஒரே பெட்டியில் அடைத்ததும் கைப்பிடி வைத்த பெரிய டூ இன் ஒன் பெட்டிகள் கிளம்பின. இரண்டு ஸ்பீக்கர், எட்டோ பத்தோ பெரிய செல்கள். ஒரு செல் 140 கிராம் அளவில் இருக்கும்; பத்து செல் என்றால் அதுவே ஒன்றரைக் கிலோவை நெருங்கும். நியூயார்க்கின் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள் அதைத் தோளில் சுமந்து தெருவெல்லாம் நடந்தார்கள். அவர்களை வெறும் இரைச்சல்காரர்கள் என்று ஒதுக்கிவிடுவது நியாயம் இல்லை. தங்களுக்கென்று அரங்கம் இல்லாதவர்கள் தெருவையே அரங்கமாக்கினார்கள். ஹிப் ஹாப் வளர்ந்ததில் அந்தப் பெட்டிக்குப் பங்கு இருக்கிறது. அதே பெட்டி எத்தனை கசப்பைக் கிளப்பும் என்பதையும் 1989இல் ஸ்பைக் லீ தம் ‘டூ த ரைட் திங்’ படத்தில் காட்டினார். பீட்சா கடைக்குள் சத்தத்தைக் குறைக்க மறுக்கும் இளைஞன், பெட்டியை அடித்து நொறுக்கும் கடைக்காரர், கடைசியில் போலீஸ் பிடியில் ஒரு மரணம். சத்தத்தோடு மரியாதை, இனம், யாருடைய இடம் என்ற உரிமை எல்லாம் பின்னிக்கிடப்பதை அந்தப் படம் அளவுக்குச் சொன்ன வேறொன்றை நான் பார்த்ததில்லை.

இதற்கு நடுவில், 1979 ஜூலை 1 அன்று, ஜப்பானில் சோனி வாக்மேன் விற்பனைக்கு வந்தது. இந்த நெடுங்கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். விமானப் பயணங்களில் நல்ல இசை கேட்க வேண்டும் என்று சோனியை நிறுவியவர்களில் ஒருவரான மசாரு இபுகா கேட்டதால் உருவான கருவி அது. மற்றொரு நிறுவனர் அகியோ மொரிட்டா அதன் மாதிரியை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறார். தாம் மட்டும் தனியே கேட்பது பக்கத்தில் இருந்த மனைவிக்கு வருத்தமாக இருப்பதை உணர்கிறார். பிறரைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்பது மரியாதைக் குறைவு என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அதனால் முதல் வாக்மேனில் ஹெட்போனுக்கு இரண்டு ஜாக் வைத்தார்கள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தானும் இருந்தது. அதை அழுத்தினால் பாட்டு அடங்கி, உள்ளே இருக்கும் சிறிய மைக் வழியாக எதிரில் பேசுகிறவரின் குரல் காதுக்கு வரும். கையடக்கக் கருவி ஒன்றைச் செய்தவர்கள், கேட்கிறவரைப் போலவே அவருக்குப் பக்கத்தில் இருப்பவரையும் நினைத்துச் செய்தார்கள். பின்வந்த மாதிரிகளில் அந்தப் பொத்தான் போய்விட்டது. அது போனது ஓர் இழப்பு என்றே சொல்வேன்.

இன்றைய சிறிய ஸ்பீக்கர் பிறக்க மூன்று நான்கு தனித்தனி ஓடைகள் ஒன்று சேர வேண்டியிருந்தது. 1980களின் தொடக்கத்தில் வந்த நியோடிமியம் காந்தம், பழைய காந்தங்களில் ஒரு சிறு பங்கு எடையிலேயே அதே வலுவைக் கொடுத்தது. 1991இல் சோனி லித்தியம் அயான் பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஸ்வீடனில் எரிக்சன் கம்பெனியில் 1994 முதல் யாப் ஹார்ட்சனும் ஸ்வென் மாட்டிசனும் வளர்த்த புளூடூத், 2000களில் ஸ்டீரியோ இசையையும் கம்பியில்லாமல் அனுப்பக் கற்றுக்கொண்டது. எல்லாம் கைக்கு வந்தும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. தாழ்ந்த ஒலி வர வேண்டுமென்றால் நிறையக் காற்றை அசைக்க வேண்டும். உள்ளங்கை அளவுப் பெட்டிக்குள் அத்தனை காற்றுக்கு இடம் ஏது?

விடை 1930களிலேயே தயாராக இருந்தது. ஆர்.சி.ஏ. கம்பெனியின் ஹாரி ஓல்சன் அப்போதே காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது: ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காந்தமும் சுருளும் இல்லாத இன்னொரு வெற்றுத் தகடு. உள்ளே ஸ்பீக்கர் துடிக்கும்போது அடைபட்ட காற்று அந்தத் தகட்டைத் தள்ளும். தகட்டின் கனத்துக்கு ஏற்பத் தாழ்ந்த ஒலியில் அது தானாக ஆடும். உங்கள் புளூடூத் ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் ரப்பர் விளிம்பு வைத்த வட்டம் இருந்தால், பாட்டு ஓடும்போது அதன்மேல் விரலை லேசாக வைத்துப் பாருங்கள். தாளம் விழும் இடத்தில் மட்டும் விம்மும். குரல் மட்டும் வரும் இடத்தில் அடங்கிவிடும். அதுதான் ஓல்சனின் தகடு. நாசாவில் வேலை பார்த்த கோடஹார்ட் குந்தர் என்பவர் தம் சவுண்ட்மேட்டர்ஸ் கம்பெனியின் ஃபாக்ஸ்எல் என்ற சட்டைப்பை ஸ்பீக்கரில் இன்னும் ஒரு படி மேலே போனார். அந்தத் தகட்டுக்குத் தேவையான கனத்துக்கு பேட்டரியையே பயன்படுத்திக்கொண்டார். எப்படியும் சுமந்தாக வேண்டிய பேட்டரிக்கு இரண்டாவது வேலை கொடுத்த அந்த யோசனை எனக்கு இன்றும் வியப்பு.

அந்தத் தொழில்நுட்பத்தை வாங்கி, ஈவ் பேஹாரின் வடிவமைப்பில், ஜாபோன் கம்பெனி 2010 நவம்பரில் ஜாம்பாக்ஸ் என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. 199 டாலர், 350 கிராமுக்குள் எடை. புளூடூத் ஸ்பீக்கர் எல்லோரும் விரும்பி வாங்கும் பொருளாக மாறியது அதிலிருந்துதான். ஜாபோன் 2017இல் மூடப்பட்டுவிட்டது. அதற்குள் உலகமெங்கும் ஆயிரம் பெயர்களில் அந்தப் பெட்டியின் வாரிசுகள் பரவியிருந்தன.

இப்போது ஒரு கணக்கு. ஒரு மீட்டர் தொலைவில் 85 டெசிபல் கொடுக்கும் சிறிய ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். 2 மீட்டரில் 79, 4 மீட்டரில் 73, 8 மீட்டரில் 67, 16 மீட்டரில் 61. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வைத்திருக்கும் வரம்பு பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 வரை 45. அந்த 45க்கு இறங்க இந்தக் கைப்பெட்டியின் சத்தம் 100 மீட்டரைத் தாண்டிப் போக வேண்டும். ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ சுற்றிலும் நிசப்தமான ஒரு சரிவில், முழுச் சத்தத்தில் வைத்த ஒரு ஸ்பீக்கர் எதிர்ச் சரிவுக் குடிலின் தூக்கத்துக்குள் நுழைவது இப்படித்தான். வைத்தவருக்கு அது தெரிவதில்லை. அவர் பார்ப்பது தண்ணீர்ப் பாட்டில் அளவுள்ள ஒரு பெட்டியை மட்டுமே.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் தீர்வும் கிடைக்கிறது. பெட்டியை 4 மீட்டர் தள்ளி வைக்காமல் ஒரு மீட்டரில் வைத்தால், 12 டெசிபல் குறைத்து வைத்தும் உங்கள் காதுக்கு அதே அளவு கேட்கும். அடுத்த குடிலுக்குப் போவது அந்த 12 டெசிபல் அளவுக்குக் குறைந்துவிடும். வட்டமாக உட்கார்ந்து பெட்டியை நடுவில் வையுங்கள். மரமேசை, பீரோ, தடுப்புச் சுவர், வேனின் தகடு இவற்றின்மேல் வைக்காதீர்கள். பெட்டி ஆட்டும் இடமெல்லாம் தானும் ஸ்பீக்கராகிவிடும். மடித்த போர்வையோ துண்டோ அடியில் இருந்தால் நல்லது. லாட்ஜ் அறைகளில் பக்கத்து அறையை எழுப்புவது பெரும்பாலும் பாடகரின் குரலாக இருக்காது. சுவரை ஊடுருவும் தாழ்ந்த தாளமாக இருக்கும். போன் செயலியில் பேஸ் எனும் தாழ்ந்த ஒலியை இரண்டு படி இறக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும். பிறகு ஒருவர் எழுந்து அறைக்கு வெளியே நடந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே உட்கார்ந்தபடி யாராலும் இதைக் கணிக்க முடியாது.

சத்தத்தைக் கூட்ட வைப்பதே நம் காதுதான் என்பதையும் சொல்ல வேண்டும். பெல் ஆய்வுக்கூடத்தின் ஹார்வி ஃபிளெட்சரும் வைல்டன் மன்சனும் 1933இல் அளந்து காட்டினார்கள்: ஒலி குறையக் குறைய, தாழ்ந்த சுருதிகள் மற்றவற்றைவிட வேகமாக நம் செவியிலிருந்து மறைகின்றன. மெதுவாக வைத்தால் பாட்டு ‘சப்’பென்று இருப்பதாகத் தோன்றுவது அதனால். மிருதங்கமும் தவிலும் பேஸ் கிதாரும் மீண்டும் காதில் விழும்வரை கை தானாகக் கூட்டிக்கொண்டே போகிறது. நல்ல ஸ்பீக்கர்கள் இதைத் தெரிந்துகொண்டு, சத்தம் குறைவாக இருக்கும்போது தாழ்ந்த ஒலியை மட்டும் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கின்றன. பஸ்ஸில் போன் ஸ்பீக்கர் எரிச்சலூட்டுவதன் காரணம் வேறு. அதில் தாழ்ந்த ஒலியே கிடையாது. 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை நம் காது எங்கே மிகக் கூர்மையோ, அங்கேதான் அதன் சத்தத்தில் பெரும்பகுதி குவிந்திருக்கிறது.

பஸ், ரயில் பெட்டி, விமானம் மூன்றிலும் ஸ்பீக்கர் பைக்குள்ளேயே இருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அங்கே யாரும் எழுந்து வேறிடம் போக முடியாது. ரயில்வே அமைச்சகம் 2022 ஜனவரியில், சத்தமாகப் பாட்டு வைப்பதையும் உரக்கப் போன் பேசுவதையும் தடுக்கும்படி ஊழியர்களுக்கு உத்தரவிட்டது. இரவு 10 மணிக்கு மேல் இன்னும் கண்டிப்பு. உத்தரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், மேல் பெர்த்தில் ஒரு கைக்குழந்தை அப்போதுதான் கண்ணயர்ந்திருக்கும். காட்டுக்குள்ளும் வேண்டாம். பறவைகளும் விலங்குகளும் துணை தேடுவதும் எச்சரிக்கை கொடுப்பதும் குரலால்தான். நம் பாட்டு அதற்குக் குறுக்கே விழுகிறது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 50 அடித் தொலைவில் 60 டெசிபலைத் தாண்டினால் விதிமீறல். மேலே போட்ட கணக்கில் நம் கைப்பெட்டி 16 மீட்டரில், அதாவது 52 அடியில், 61 காட்டியதை நினைவில் கொள்ளலாம்.

ரயிலில் நண்பர்கள் சேர்ந்து ஒரே பாட்டைக் கேட்க வேண்டுமானால் இப்போது வழி இருக்கிறது. புளூடூத் அமைப்பு 2022இல் ஆராகாஸ்ட் என்ற பெயரில் அறிமுகப்படுத்திய வசதியில், ஒரே போனிலிருந்து பலருடைய காதுக்கருவிக்கும் ஒரே நேரத்தில் இசை போகும். மொரிட்டாவின் இரண்டு ஜாக், கம்பியில்லாமல் பல ஜாக்காகியிருக்கிறது. போனும் காதுக்கருவியும் அதற்கு ஏற்றவையா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

சொந்த அறை, சொந்த வேன், ஆளில்லாத கடற்கரை, மொட்டைமாடி என்று ஸ்பீக்கருக்கு உரிய இடங்கள் நிறைய உண்டு. அவற்றுக்காக வாங்கும்போது வாட்ஸ் எண்ணை நம்பிப் போகாதீர்கள். நான்கைந்து பேர் கேட்க 300 முதல் 600 கிராம் எடையுள்ள பெட்டி தாராளம். எல்லாத் திசையிலும் ஒலி சிதறும் உருளையைவிட, முன்பக்கம் மட்டும் பாடும் பெட்டி பயணத்துக்கு நல்லது. யாரை நோக்கி வைப்பது என்பது உங்கள் கையில் இருக்கும். ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் நன்னீரில் அரை மணி நேரம் தாங்கும். அதில் உள்ள ‘எக்ஸ்’ என்பதற்குத் தூசிக்குச் சோதிக்கவில்லை என்று பொருள். கடற்கரைக்கு ஐபி67 வேண்டும். அப்போதும் கருமணலில் உள்ள இரும்புத் துகள்கள் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் மணலில் வைக்காமல் துணியின்மேல் வையுங்கள், உப்புத் தண்ணீர் பட்டால் நல்ல தண்ணீரில் அலசுங்கள். விமானத்தில் போகிறவர்கள் லித்தியம் பேட்டரி உள்ள பெட்டியைக் கைப்பையில் வைத்து, முழுமையாக அணைத்துவிட வேண்டும். 100 வாட் மணி வரைதான் தடையில்லை. சிறிய பெட்டிகள் அதற்கு வெகு கீழே இருக்கும், சக்கரம் வைத்த பெரிய பார்ட்டி பெட்டிகளில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

கடையில் பெரும்பாலோர் ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்துத்தான் சோதிக்கிறார்கள். கடைக்காரரும் அப்படித்தான் போட்டுக் காட்டுவார். நீங்கள் மிகக் குறைந்த படிக்கு இறக்கச் சொல்லுங்கள். பல பெட்டிகளில் முதல் படியே ஒரு சிறிய அறைக்கு அதிகமாக இருக்கும்; அதற்குக் கீழே நேராக மௌனம்தான். பிறகு ஒருமுறை அணைத்துப் போடச் சொல்லுங்கள். உயிர்பெறும்போது ‘டொய்ங்’ என்றோ ஆங்கிலத்தில் அறிவிப்பாகவோ கத்தினால், நள்ளிரவில் கூடாரத்துக்குள் அது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அந்தச் சத்தத்தை நிறுத்த வழி உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால், குறைந்த படியில் ஒரு பழைய பாட்டைப் போட்டு, கை நீட்டும் தூரத்தில் வைத்துக் கேளுங்கள். பல்லவியின் சொற்கள் ஒவ்வொன்றும் விளங்கி, தபேலாவும் மங்காமல் இருந்தால் அந்தப் பெட்டியை வாங்கலாம்.